இண்டைரக்டாம்ல, இண்டைரக்டு!

அப்பத்தா மூக்குக்கண்ணாடியைக் கழட்டி முந்தானையில தொடச்சு, மாட்டிப் பாத்து, மறுபடி தொடச்சு, "ஏந்தம்பி, எங்கண்ணுல பொரை விழுந்திருச்சா, இல்ல இந்த ஆளு மூஞ்சியே இப்புடித்தானா?"ன்னு கேட்டாக. நேத்து ராத்திரி. அதோட எம்பொறுமை முடிஞ்சுது.

கண்ணுல ஒண்ணும் இல்ல அப்பத்தா, டிவியில படந்தான் மங்கலா வருது. டிவி மூலையில பொடி எழுத்துல 'இண்டைரக்ட்'னு போட்டிருக்கு பாருங்க, அதான் வியாதி.

நம்ம கம்ப்யூட்டர்ல இருக்கிற படத்தை நெட்வொர்க் வழியா டிவிக்கு அனுப்புற பிளெக்ஸ் வச்சிருக்கவுங்களுக்கு இதுக்கு மேல விளக்க வேண்டாம். படம் இருக்கிற சர்வர் பின்னாடி மூணாங்கட்டுல. டிவி முன்கட்டுக் கூடமான பட்டாலையில. ஒரே வீடு. ஆனா படம் நேரா வராதாம். வாசலைத் தாண்டி, எங்கேயோ இருக்கிற, நடுவுல நின்னு கைமாத்தி விடுற பிளெக்ஸ் ரிலே சர்வர் காலைத் தொட்டுக் கும்பிட்டுத் திரும்பி வந்துதான் பட்டாலை ஏறுமாம். எங்க ஐயாக்கள் பர்மாவுக்குக் கப்பலேறிக் கொண்டுவிக்க, அதான் வட்டித்தொழில் பண்ண, போன மாதிரி. அவுக தேக்காவது கொண்டாந்தாக. இது கொண்டாறது நொடிக்கு 1 மெகாபிட். பிளெக்ஸ் பாஸ்ங்கிற சந்தா வாங்கினா 2. நான் மாசாமாசம் காசு கட்டுறது 100 மெகாபிட்டுக்கு!

சிங்கப்பூர்ல இருக்கிற தம்பிக்கு இண்டைரக்ட்னு வந்தா ஒரு நியாயம். பட்டாலைக்குமா?

முன்வாசல் ஒரு தெரு, பின்வாசல் அடுத்த தெருன்னு போற வீடு. வைஃபை ரெண்டாங்கட்டுக்குள்ளயே படுத்திரும். நெட்காரவுககிட்டச் சொன்னதுக்கு வளவுக்கு, அதான் நடுமுற்றத்துக்கு, மேல கேபிளைத் தொங்கவிட்டு மூணாங்கட்டுக்கு இன்னொரு ரவுட்டரை மாட்டிட்டுப் போனாக. அதை முன்கட்டு நெட்வொர்க்கையே நீட்டிவிடுற ஆக்சஸ் பாயிண்ட் மோடுல போட்டிருந்தா சோலி முடிஞ்சுது. போடல. அது தனி நெட்வொர்க் போட்டு நாட்டாமை பண்ணுது. முன்கட்டுக்கு ஐபி முகவரி வரிசை 192.168.1, மூணாங்கட்டுக்கு 192.168.0. டிவி போய்க் கதவைத் தட்டினா 'யாரு நீ'ங்குது. நானே மாத்திக்கிறேன்னா, அட்மின் பாஸ்வேர்டு ஆபீஸ்லதான் இருக்காம். எங்க வீட்டுப் பெட்டி, சாவி அவுக கையில!

சரி, வெளியேருந்து பிளெக்ஸுக்குள்ள வர்ற கதவான 32400 போர்ட்டையாவது திறப்போம்னு முன்வாசல் ரவுட்டருக்குள்ள போனா, ரவுட்டரோட வெளிப்பக்க முகவரியான வேன் ஐபி 100.72-ன்னு பல்லை இளிக்குது. 100.64-லேர்ந்து 100.127 வரைக்கும் எது வந்தாலும் சிஜிநாட், அதாவது நெட் கம்பெனியே பல வீட்டை ஒரு முகவரிக்குள்ள அடைக்கிற ஏற்பாடு. ஊருல பாதிப் பேரு ஒரே பொது ஐபிக்குப் பின்னால நிக்கிறோம், இங்க நான் எந்தப் போர்ட்டைத் திறந்து என்ன? ஐபிவி4ங்கிற பழைய வகை முகவரிகளோட உலக மத்தியக் கையிருப்பு 2011-லயே தீந்துபோச்சு, ஒத்துக்கிறேன். கனெக்‌ஷன் குடுக்கிறப்ப ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?

இன்னைக்குக் காலையில நெட் ஆபீஸ் ஆளு வந்தாரு. செருப்பைக் கழட்டினாரு. ஆத்தங்குடிக் கல்லைப் பாத்தாரு. தூணைப் பாத்தாரு. "ஷூட்டிங்குக்கு விடுவீங்களா சார்?" இல்லைங்க. தூணுல சாஞ்சு ஒரு செல்ஃபி. அப்புறம் முன்வாசல் ரவுட்டரை உரசிக்கிட்டு நின்னு ஸ்பீடு டெஸ்ட். முள்ளு ஏறுது. அவரு முகமும் மலருது. "சார், 94!"

வேகம் இல்லைங்க பிரச்சனை, ரவுட்டருக்குப் பின்னால இன்னொரு ரவுட்டர் தனி ராஜ்ஜியம் நடத்துற டபுள் நாட்டுன்னேன்.

"ஒருக்கா ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவோம் சார்."

பண்ணினோம். பச்சை லைட்டு வர்ற வரைக்கும் ரெண்டு பேரும் சாமி வரம் குடுக்கப்போற மாதிரி அதையே பாத்துக்கிட்டு நின்னோம். வந்துச்சு.

"யூடியூப் ஓடுதா சார்?"

ஓடுது.

"அப்ப நெட் ஓகே சார்."

யூடியூப் வெளிய இருக்குய்யா, என் படம் வீட்டுக்குள்ள இருக்கு!

கொஞ்சம் யோசிச்சாரு. நெசமாவே யோசிச்சாரு. "அப்ப பென்டிரைவ்ல போட்டுப் பாத்துரலாமே சார்?"

ஆத்தா குடுத்த காபியைக் குடிச்சிட்டுக் கெளம்பிட்டாரு. தெருமுனை தாண்டியிருக்க மாட்டாரு, போன்ல மெசேஜ்: தங்கள் புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது, எங்கள் சேவைக்கு நட்சத்திரம் வழங்கவும். சிரிச்சேன். வேற என்ன பண்றது? அப்பத்தா இப்ப பென்டிரைவ்லதான் பாக்குறாக. தெளிவா இருக்காம். "அந்தத் தம்பி கெட்டிக்காரன்"ங்குறாக.

வளவுல தொங்குற கேபிளையாவது சொவத்தோட அடிச்சிருவோம்னு குடும்ப வாட்ஸப் குழுவுல போட்டேன். முகப்பு ஓடு ஒழுகுது, பங்குக்கு இவ்வளவு குடுங்கன்னு கேட்டா ஒரு பங்காளி போனை எடுக்கிறதில்ல. ஆணின்னு எழுதினதும் கோலாலம்பூர்லேர்ந்து வீடியோ கால்! "சொவத்தைத் தொடாதிய, அது ஐயா காலத்துச் சுண்ணாம்பு." அந்தச் சுண்ணாம்புக்குள்ளதான் என் வைஃபை செத்துக் கெடக்கு. பொங்கலுக்கு வந்து எறங்குனதும் மொத வேலையா பாஸ்வேர்டு என்னன்னு கேப்பாகல்ல, அப்ப வச்சுக்கிறேன்.