போனைத் தடவுகிறவர்கள்

ஞாயிற்றுக்கிழமை நம் இயற்கை ஆர்வலர் கூட்டத்தில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். ரெண்டு நாளாக இன்பாக்ஸில் "விடுங்கக்கா, பெரியவர்" என்று ஆறுதல் சொல்கிறீர்கள். விட்டுவிடுகிறேன். எழுதிவிட்டு விடுகிறேன்.

"இப்பல்லாம் போனைத் தடவித் தடவியே பூச்சி நிபுணர் ஆயிடறாங்க, களத்துக்குப் போகணும்" என்றார் மேடையில் அந்தப் பெரியவர். அரங்கமே சிரித்தது. மூன்றாவது வரிசையில் நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய?

ஐயா, நான் நிபுணர் இல்லை. பி.காம்., அதுவும் தபாலில். எனக்குப் பூச்சிக் கிறுக்கு பிடித்தது 2020 ஊரடங்கில். நந்தியாவட்டைச் செடியில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு பச்சைப் புழு. தலைக்குக் கொஞ்சம் பின்னால் நீலத்தில் ரெண்டு கண். நிஜக் கண் இல்லை, திருஷ்டிப் பொம்மைக்கு வரைந்த மாதிரி. வால் பக்கம் ஒரு குட்டிக் கொம்பு. அத்தை துடைப்பத்தோடு வந்துவிட்டார். "இருங்கத்தை, ஒரு போட்டோ எடுத்துக்கறேன்" என்று எடுத்து, முன்பின் தெரியாத ஒரு பூச்சிக் குழுவில் போட்டேன்.

ராத்திரி பதினொரு மணிக்குப் பதில் வந்தது. டாஃப்னிஸ் நெரீ, அரளியிலும் நந்தியாவட்டையிலும் வளரும் அந்துப்பூச்சி. சீக்கிரம் பழுப்பாகும், கீழே இறங்கிச் சருகுக்குள் கூடு கட்டும், தொந்தரவு செய்யாதீர்கள். அப்படியே ஆனது. ரெண்டு வாரம் கழித்து வெளியே வந்தது, பச்சைப் பட்டில் ரோஸ் கரை போட்ட மாதிரி. துடைப்பம் எடுத்த அதே அத்தை பக்கத்து வீட்டைக் கூப்பிட்டுக் காட்டினார்.

போனா எனக்குப் பதில் சொன்னது? பதில் தெரிந்த ஆளைக் காட்டியது. அவ்வளவுதான் நான் சொல்வது.

"ஆப் தப்பாச் சொல்லும்" என்பீர்கள். சொல்லும். ஒரு சருகைப் படமெடுத்துப் போட்டதற்கு ஐநேச்சுரலிஸ்ட் (உயிரினப் படம் போட்டால் பெயர் சொல்லும் தளம்) கூசாமல் ஒரு பூச்சிப் பெயர் சொன்னது. அதனால்தான் அங்கே இயந்திரம் சொன்னதோடு கதை முடிவதில்லை. படம், தேதி, இடம் வேண்டும். பெயர் சொன்னவர்களில் மூன்றில் ரெண்டு பங்குக்கு மேல் ஒத்துப்போனால்தான் ஆய்வுக்கு ஆகும் பதிவு. மேடையில் பேசுவதற்கு இப்படி ஒரு விதி இருந்தால் நன்றாக இருக்கும்.

அரிய உயிர்களின் இடம் வெளியே தெரிந்துவிடும் என்பது நியாயமான பயம். அழியும் நிலையில் இருப்பவற்றின் இடத்தை அந்தத் தளமே மங்கலாக்கிவிடுகிறது. லொகேஷனோடு வாட்சப்பில் தட்டிவிடுகிறவர்கள் நம் கூட்டத்திலேயே இருக்கிறார்கள், பெயர் வேண்டாம்.

அப்புறம் அந்த "களத்துக்குப் போகணும்". காலை அஞ்சரைக்குக் காட்டுக்கு வாங்க என்று எளிதாகச் சொல்கிறீர்கள். அஞ்சரைக்கு என் அடுப்பில் குக்கர் இருக்கும். எனக்குக் களம் என்றால் கொல்லைப்புறத்து பாத்ரூம் சுவரும் ட்யூப்லைட்டும்தான். இமாச்சலத்தின் சம்பாவில் அதே ஊரடங்கில் ஒரு மாணவர் வீட்டுக்குப் பின்னால் பார்த்த பாம்பை இன்ஸ்டாகிராமில் போட்டார். பெங்களூரு ஆராய்ச்சியாளர் ஒருவர் கண்ணில் பட்டது. 2021-இல் ஓலிகோடான் சுராஹென்சிஸ் என்று புது இனமாகவே அறிவித்தார்கள். அந்தப் பையனிடமும் போய், போனைத் தடவாதே தம்பி என்று சொல்லுங்கள்.

இன்னொன்று. அதே மேடையில் நீங்கள் பெருமையாகக் காட்டிய இந்தியப் பறவைகளின் நிலை 2023 அறிக்கை இருக்கிறதே, அது முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள், பார்த்த பறவைகளைப் பதியும் இபேர்ட் தளத்தில் ஏற்றிய மூன்று கோடிப் பதிவுகளை வைத்துச் செய்தது. அவர்களெல்லாம் எதைத் தடவினார்களாம்?

இதோடு நிறுத்தலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. அந்தப் பச்சைப் புழுப் படத்தை முதலில் உங்களுக்குத்தான் அனுப்பினேன் ஐயா. மத்தியானம் ரெண்டு மணிக்கு. "வணக்கம் ஐயா, இது என்னவென்று சொல்ல முடியுமா" என்று. சாயங்காலமே நீலக் குறி விழுந்துவிட்டது. பதில் இன்னும் வரவில்லை. அதற்குப் பிறகுதான் குழுவில் போட்டேன்.

அவரை யாரும் இங்கே டேக் செய்யாதீர்கள். சண்டைக்கு எனக்கு நேரமில்லை. நேற்று ராத்திரி சுவரில் ஒன்று வந்து உட்கார்ந்திருந்தது, காய்ந்த வேப்பிலை மாதிரி, கீழ் இறக்கையில் மட்டும் மஞ்சள். படம் முதல் கமெண்ட்டில். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.