தகடு இல்லை, பாப்பிரஸ் இருக்கிறது
மோர்மன் சபையைப் பற்றிய கட்டுரை, அதை நிறுவிய ஜோசப் ஸ்மித் மோர்மன் நூலுக்கு மூலம் என்று சொன்ன தங்கத் தகடுகளோடு நின்றுவிட்டது. தகடுகள் யார் கையிலும் இல்லை, சோதிக்க வழியில்லை. ஆபிரகாமே பாப்பிரஸில் (எகிப்தியர் எழுதிய நாணல் தாளில்) எழுதியது என்று சொல்லி அவர் மொழிபெயர்த்துத் தந்த 'ஆபிரகாமின் புத்தகம்' அப்படியல்ல. 1835இல் ஜோசப் ஸ்மித் கைக்கு வந்த எகிப்தியப் பாப்பிரஸில் சில துண்டுகள் 1967இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலிருந்து மோர்மன் சபைக்குத் திரும்பின. அறிஞர்கள் வாசித்தபோது அவை ஹோர் என்ற எகிப்தியப் பூசாரியோடு புதைத்த ஈமச்சடங்கு ஏடு முதலானவை. ஆபிரகாமுக்கு ஆயிரம் ஆண்டுக்கும் மேல் பிந்தியவை! துண்டுகளிலுள்ள எழுத்து அந்தப் புத்தகத்தோடு பொருந்தவில்லை என்று சபையே 2014இல் ஒப்புக்கொண்டது.

பாப்பிரஸின் தொலைந்த பகுதியில் மூலம் இருந்தது என்று மோர்மன் தரப்பில் சிலர் சொல்வார்கள். ஆனால் ஆபிரகாமின் புத்தகம் 1:12, ஏட்டின் தொடக்கத்திலுள்ள படத்தைச் சுட்டுகிறது. அந்தப் படம் கிடைத்த துண்டில்தான் இருக்கிறது, அதை ஒட்டியே ஹோரின் ஏடு. மோர்மன் நண்பர்களிடம் பேசுகிறவர்கள் அன்போடு இங்கிருந்தே தொடங்குங்கள். பிறகு அதே புத்தகத்தின் 4ஆம் அதிகாரம்: அங்கே படைப்பவர்கள் 'தேவர்கள்', பன்மை. ஏசாயா 43:10இலோ, தமக்கு முன்னும் பின்னும் வேறு தேவன் இல்லை என்று கர்த்தரே சொல்கிறார்.