"பழகட்டும் விடுங்கோ" என்பது வைத்தியமில்லை

நாய்க்குட்டி வெடிச்சத்தத்துக்குப் பயப்படுகிறது என்று யாழ்ப்பாணத்தில் யாரிடம் சொன்னாலும் ஒரே பதில்தான் வரும்: "பழகட்டும் விடுங்கோ." சிலர் ஒரு படி மேலே போய், முற்றத்தில் கட்டிவைத்துவிட்டுப் பக்கத்தில் இரண்டு சீனவெடி கொளுத்தினால் பயம் தெளிந்துவிடும் என்பார்கள். இதைவிட மோசமான யோசனையை நான் கேள்விப்பட்டதில்லை.

என் மாமாவும் இந்தக் கட்சிதான். "ஷெல்லடிக்குள்ள வளர்ந்த நாயளுக்கே ஒண்டும் நடக்கேல்லை, உன்ர ஜிம்மிக்கு என்ன வந்தது?" என்று கேட்பார். அதே மாமா இன்னொரு நாள், யுத்த காலத்தில் வீட்டில் நின்ற நாயைப் பற்றிப் பெருமையாகக் கதை சொல்லுவார். குண்டு போடும் பொம்பர் வரும் சத்தம் மனிதர்களுக்குக் கேட்க முன்னமே அது பங்கருக்குள் போய்ப் படுத்துவிடுமாம். அப்படியென்றால் அந்த நாய் எங்கே பழகியது? சத்தம் கேட்டால் அடுத்து என்ன வரும் என்பதைத்தான் அது படித்துவைத்திருந்தது. தப்ப வழியில்லாத இடத்தில் பெரிய சத்தத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கவைத்தால் பெரும்பாலான நாய்களுக்குப் பயம் கூடத்தான் செய்யும். பிறகு இடிக்கும் பயம், பக்கத்து வீட்டுத் தகரக் கேட்டை அடித்துச் சாத்தினாலும் பயம்.

எங்கள் ஊரில் சத்தத்துக்கும் பஞ்சமில்லை. தைப்பொங்கல் விடியற்காலையில் பானை பொங்க முன்னமே வெடி தொடங்கிவிடும். தீபாவளி, டிசம்பர் 31 நள்ளிரவு, கோயில் திருவிழா வாணவேடிக்கை, ஒழுங்கையால் போகும் செத்தவீட்டு ஊர்வலத்தில் பறையும் வெடியும். ஐப்பசி பிறந்தால் பின்னேர இடிமுழக்கம். மனிதக் காதுக்கு 20,000 ஹேர்ட்ஸ் வரைதான் எட்டும், நாய்க்குச் சுமார் 45,000 வரை எட்டும். ஆகவே வாணம் சீறிக்கொண்டு கிளம்பும்போது நாங்கள் கேட்பதைவிட அதற்குக் கூடக் கேட்கும். எங்களுக்கு அது தீபாவளி என்று தெரியும், நாய்க்கு யார் கலண்டர் காட்டினார்கள்?

சரி, என்ன செய்யலாம்?

குட்டி பிறந்து மூன்றாவது கிழமையிலிருந்து பன்னிரண்டு, பதினான்கு கிழமை வரைதான் உலகத்தை அது எளிதாக ஏற்றுக்கொள்ளும் காலம். நாங்கள் குட்டி தூக்கிக்கொண்டு வருவதும் பெரும்பாலும் இந்தக் காலத்துக்குள்தான். ஊசி போட்டு முடிய முன்னம் தெருவில் இறக்கிவிட வேண்டாம், குட்டிகளைக் கொல்லக்கூடிய பார்வோ வைரஸ் பொல்லாதது. கையில் தூக்கிக்கொண்டு போய், கோயில் மேளம் மெல்லியதாகக் கேட்கும் தூரத்தில் நின்றுவிட்டு வந்தாலே போதும். லாண்ட்மாஸ்டர் என்ற இரண்டு சில்லு உழவு இயந்திரம் போகிறதா, தூரத்தில் நின்று பார்க்கட்டும்.

ஏற்கெனவே பயந்துபோன குட்டிக்கு வேறு வழி இருக்கிறது, ஆனால் பொறுமை வேண்டும். 1924இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர், முயலைக் கண்டு பயந்த ஒரு சிறுவனைப் பற்றி எழுதினார். அவனுக்குப் பிடித்த சாப்பாட்டைக் கொடுத்துக்கொண்டே முயலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டக் கொண்டுவந்தார். கடைசியில் அந்தப் பையன் முயலைத் தடவி விளையாடினான். நாய்க்கும் அதே வழிதான்.

தொலைபேசியில் வெடிச்சத்தம் ஒன்றைத் தேடி எடுங்கள். உங்களுக்கே கேட்குமோ கேட்காதோ என்ற அளவில் போடுங்கள். சத்தம் கேட்டதும் ஒரு துண்டு அவித்த கோழியீரல். சத்தம் நின்றால் ஈரலும் நிற்கும். இந்த ஒழுங்கு மாறக்கூடாது. சாப்பாட்டைக் காட்டிவிட்டுச் சத்தம் போட்டால், ஈரலைக் கண்டாலே அடுத்து வெடி என்று குட்டி படித்துவிடும், பிறகு ஈரலையும் நம்பாது. சத்தத்துக்குக் காது நிமிர்த்தி "எங்கே என் பங்கு?" என்று உங்கள் முகத்தைப் பார்க்கத் தொடங்கினால் சத்தத்தை ஒரு துளி கூட்டலாம். வாயை நக்குவது, நித்திரை இல்லாமல் கொட்டாவி விடுவது, ஓடாமலே மூச்சிளைப்பது, வாலைக் காலுக்குள் செருகுவது எல்லாம் பயத்தின் அடையாளம். பிடித்த சாப்பாட்டையே தொடவில்லையென்றால் சத்தம் கூடிவிட்டது, குறையுங்கள். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம் போதும். கிழமைக்கணக்கில் எடுக்கும் வேலை இது.

தொலைபேசியின் சின்ன ஸ்பீக்கரில் இடியின் ஆழமான உறுமல் சரியாக வராது. அதில் பதிவைக் கேட்டுச் சும்மா படுத்திருந்த நாய், உண்மையான இடிக்கு வெருண்டு ஓடலாம். இடிக்குப் பழக்குவதென்றால் பெரிய ஸ்பீக்கர்தான் நல்லது, சத்தம் மட்டும் குறைவாக இருக்கட்டும்.

பயந்த குட்டியைத் தடவினால் பயம் கூடும், செல்லம் கொடுக்காதே என்றும் ஒரு கதை இருக்கிறது. நம்பாதீர்கள். பயம் ஒரு உணர்ச்சி, ஆறுதல் சொன்னதற்காக அது வளராது. உங்கள் மடியைத் தேடி வந்தால் வரட்டும். கட்டிலுக்குக் கீழே ஒளிந்தால் இழுத்தெடுக்க வேண்டாம். ஜன்னல் இல்லாத மூலையில் சாக்கை விரித்து, சீலை ஒன்றைத் தொங்கவிட்டால் அதுவே நல்ல ஒளிப்பிடம். நடுங்கும் நாயை அதட்டுவது, அடிப்பது பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை, அப்படிச் செய்பவர்கள் நாய் வளர்க்கவே வேண்டாம்.

மருந்து விஷயத்தில் மட்டும் துணிய வேண்டாம். வீட்டிலிருக்கும் பனடோல், இபுப்ரோஃபென் எல்லாம் நாய்க்கு நஞ்சாகக்கூடியவை. பயத்தைக் குறைக்க மிருக வைத்தியர்கள் தரக்கூடிய மருந்துகள் இருக்கின்றன. கடுமையாகப் பயப்படும் நாய்க்கு அவற்றைக் கொடுப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பல வருடம் சும்மா இருந்த நாய் திடீரென்று சத்தத்துக்கு நடுங்கினால், உடம்பில் எங்காவது நோ இருக்கலாம், அதையும் காட்டிப் பாருங்கள்.

வெடியே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. பெடியளின் சந்தோசம் எனக்கும் விளங்கும். ஆனால் நாயின் வாலில் வெடி கட்டுவதும், மதிலுக்குக் கீழே படுத்திருக்கும் கட்டாக்காலி நாய்க்குக் குறி வைத்து எறிவதும் விளையாட்டில்லை. கண்டால் உரத்துக் கேளுங்கள். அயலில் கொளுத்தப் போகிறவர்களிடம் "எத்தனை மணிக்குத் தொடங்குவீங்கள்?" என்று கேட்டுவைத்தால் கோபிக்கமாட்டார்கள். பெரும்பாலானவர்கள் கேட்டால் சொல்லுவார்கள்.

தீபாவளி அன்று பின்னேரமே நாயை நடத்திக் கொண்டுவந்து, சாப்பாடு வைத்து, இருட்ட முன்னம் உள்ளே எடுத்துவிடுங்கள். டிவியோ ஃபானோ ஓடட்டும். அன்றைக்குச் சங்கிலியில் கட்ட வேண்டாம், வெருண்டு இழுத்துக் கழுத்தை நெரித்துக்கொள்ளும். வேலியில் பொட்டு இருந்தால் முதல்நாளே அடையுங்கள். கழுத்துப் பட்டியில் உங்கள் தொலைபேசி இலக்கத்தை எழுதிவிடுங்கள், அதுவும் அழியாத மையால். தீபாவளி மாரி தொடங்கும் நேரத்தில்தானே வரும்.