ஸ்வால்பார்ட்: கரடிக் கணக்கில் ஒரு திருத்தம்

வட துருவத்துக்கு அருகே உள்ள நார்வேயின் தீவுக்கூட்டமான ஸ்வால்பார்டைப் பற்றி, "அங்கே மனிதர்களைவிடப் பனிக்கரடிகள் அதிகம், 3000 இருக்கின்றன" என்று சொல்லப்படுவது தவறான புரிதலைத் தரும். அந்த 3000 ஸ்வால்பார்டை ஒட்டிய பேரண்ட்ஸ் கடல் பகுதி முழுவதற்குமான பழைய மதிப்பீடு; ரஷ்யாவின் ஃபிரான்ஸ் ஜோசஃப் தீவுகளும் வடக்கே மிதக்கும் கடல்பனியும் அதில் அடக்கம். ஸ்வால்பார்டிலேயே தங்கி வாழ்பவை ஏறத்தாழ 300தான். மக்களோ 2500க்கு மேல், பெரும்பாலும் ஸ்பிட்ஸ்பெர்கன் தீவின் லாங்யியர்பியன் ஊரில்.

அதற்காக ஆபத்தே இல்லை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கரடி எங்கும் எதிர்ப்படலாம், ஊர் எல்லையைத் தாண்டுபவர்கள் அதை விரட்டும் கருவியோடுதான் போக வேண்டும். ஆனால் கரடிகள் பெருகிக் கிடப்பதாக நினைத்தால் கடல்பனி உருகுவதைப் பற்றிய கவலையே நமக்கு வராது. சீல் (கடல்நாய்) வேட்டைக்கு அந்தப் பனிதான் அவற்றுக்குக் களம். 1973 முதல் அங்கே கரடி வேட்டைக்குத் தடை இருக்கிறது. பனி உருகுவதை எந்தத் தடையும் நிறுத்தாது.