குளவி இரைச்சல் மென்பொருளின் குற்றமல்ல

ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்து இசைக்குழுக் கிட்டார் பொடியன்களின் வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு சுற்றுகிறது: “ஆம்ப் சிமுலேஷனில் டிஸ்டோர்ஷன் போட்டால் குளவி இரைச்சல்தான் வரும். வால்வு ஆம்ப் இல்லாமல் டோன் பழகவே முடியாது.”

ஆம்ப் சிமுலேஷன் என்பது கிட்டார் ஆம்ப்ளிஃபயரைக் கணினியில் போலச் செய்யும் மென்பொருள்; டிஸ்டோர்ஷன், ஒலியைக் கரகரப்பாக்கும் விளைவு; வால்வு ஆம்ப், வெற்றிடக் குழாயில் இயங்கும் நிஜ ஆம்ப்ளிஃபயர். இரைச்சல் வருவது உண்மை. சொல்லும் காரணம் பிழை. வழக்கமான 12 அங்குல கிட்டார் ஸ்பீக்கரில் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலான ஒலி வேகமாக அடங்கிவிடும். டிஸ்டோர்ஷனின் கூர்மையை வடிகட்டுவது அதுதான். மென்பொருளில் அந்த வேலையை கெபினெட் பகுதி, அதாவது ஸ்பீக்கர் பெட்டியின் ஒலித்தன்மையைப் பதிந்து வைத்த ஐஆர் (இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ்) கோப்பு, செய்கிறது. அது அணைந்திருந்தால் முழுக் கூர்மையும் ஹெட்போனில் இறங்கும். வால்வு ஆம்பையே ஸ்பீக்கர் இல்லாமல் நேராகப் பதிவு செய்தாலும் இதே கதிதான்!

நியூரல் ஆம்ப் மாடலர் என்ற இலவச ஆம்ப் சிமுலேஷன் மென்பொருளிலேயே ஐஆர் ஏற்றும் வசதி உண்டு. அதை ஏற்றி, கெய்னை (டிஸ்டோர்ஷனின் அளவைக் கூட்டும் திருகை) பாதியாகக் குறைத்து, மிட்டை (நடுத்தர அதிர்வெண் ஒலியை) கொஞ்சம் கூட்டிப் பாருங்கள். கெய்னை முழுதாக முறுக்குவதுதான் நம்மவர்களின் தீராத வியாதி.

அப்புறம், கிட்டாரைக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸில் கிட்டாருக்கான ‘இன்ஸ்ட்ரூமென்ட்’ உள்ளீட்டையே தெரிவு செய்யுங்கள். பலமாக மீட்டும்போது, உள்ளீடு அளவு மீறுவதைக் காட்டும் சிவப்பு விளக்கு எரியக் கூடாது.