பீகிள் குரைக்காதா? ஒரு திருத்தம்

"பீகிள் சின்ன நாய், சத்தமே போடாது, பீச்சில் கயிறு இல்லாமல் விடலாம்" என்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். புதுச்சேரி லாஸ்பேட்டை ஃபிளாட்டில் வளர்க்க நாய்க்குட்டி தேடும் தம்பி இதை நம்பி முன்பணம் கொடுத்துவிட வேண்டாம்.

சின்ன நாய் என்பது சரி, சுமார் 10 கிலோதான். ஆனால் இங்கிலாந்தில் கூட்டமாக முயல் துரத்துவதற்கென்றே வளர்த்த இனம். பின்னால் வரும் வேட்டைக்காரருக்குக் கேட்க வேண்டுமே, அதனால் குரைப்பதோடு நீளமாக ஊளையும் இடும். தனியாகப் பூட்டிவிட்டு வேலைக்குப் போனால் பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார். குரைக்காத நாய் என்று பேர் வாங்கியது ஆப்பிரிக்காவின் பசென்ஜி. இரண்டையும் குழப்பிக்கொண்டார் போல.

கயிறு விஷயம்தான் ஆபத்து. மோப்பம் பிடித்து மூக்கு தரையில் பதிந்துவிட்டால், நாம் கூப்பிடுவது அதன் காதிலேயே விழாது. அமெரிக்க விமான நிலையங்களில் பயணிகளின் பெட்டிக்குள் இருக்கும் பழம், இறைச்சியைக் கண்டுபிடிக்க 1984 முதல் பீகிளைத்தான் பயன்படுத்துகிறார்கள். வைத்திக்குப்பம் கடற்கரை மணலில் கருவாடு காயும்போது அவிழ்த்துவிட்டால் என்ன ஆகும், நீங்களே யோசியுங்கள்.

அப்புறம் காது. தொங்கும் காதுக்குள் காற்றோட்டம் குறைவு. நம்ம ஊர் ஈரக்காற்றில் பூஞ்சை சுலபமாகப் பிடிக்கும். வாரம் ஒருமுறையாவது தூக்கிப் பாருங்கள், குளிப்பாட்டியதும் ஈரம் போகத் துடையுங்கள், பட்ஸ் வேண்டாம். நாற்றமோ பழுப்பு அழுக்கோ தெரிந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். சாப்பாட்டுக்கு எந்நேரமும் கெஞ்சும், இரக்கப்பட்டால் குண்டாகிவிடும்.