செல்சிக்கு 2012 கிண்ணத்தை வென்று கொடுத்தவர் மொரின்ஹோ அல்லர்

போர்த்துக்கேயப் பயிற்றுவிப்பாளர் ஜோசே மொரின்ஹோ 2012இல் இங்கிலாந்துக் கழகமான செல்சிக்கு ஐரோப்பிய சம்பியன்ஸ் லீக் கிண்ணத்தை வென்று கொடுத்தார் என்ற செய்தி, முல்லைத்தீவு, கிளிநொச்சிப் பக்கத்து உதைபந்தாட்ட இளைஞர்களின் கைபேசிகளில் சில நாள்களாகப் பரவுகிறது. அது தவறு.

அந்த ஆண்டு அவர் ஸ்பெயினில் ரியல் மட்ரிட் கழகத்தின் பயிற்றுவிப்பாளராக இருந்து, 100 புள்ளிகளுடன் அந்நாட்டு லீக் போட்டியான லா லீகாவை வென்றார். மியூனிக் இறுதியாட்டத்தில் ஜேர்மனியின் பயேர்ன் அணியுடன் 1-1 என முடித்து, சமநிலை தவிர்ப்பு உதைகளில் 4-3 என வென்ற செல்சியை வழிநடத்தியவர், அதே ஆண்டு மார்ச்சில் இடைக்காலப் பொறுப்பேற்ற இத்தாலியரான ரொபேர்ட்டோ டி மத்தேயோ. அன்று சமன்செய்த கோலையும் வெற்றி உதையையும் அடித்த செல்சி வீரர் துரோக்பா, மொரின்ஹோ காலத்தில், 2004இல், செல்சிக்கு வந்தவர் என்பதால் இக்குழப்பம் எழுந்திருக்கலாம் என்று எண்ணுகிறேன்.

மொரின்ஹோ அக்கிண்ணத்தை வென்றது இரு தடவைகளே: 2004இல் தாய்நாட்டுக் கழகமான போர்ட்டோவுடன் மொனாக்கோவை 3-0 எனவும், 2010இல் இத்தாலியின் இன்டர் மிலானுடன் பயேர்னை 2-0 எனவும் வீழ்த்தினார். செல்சியில் அவர் இரு காலங்களில் ஈட்டிய மூன்று இங்கிலாந்து பிரீமியர் லீக் பட்டங்களே பெரும் சாதனை. அதற்கு மேல் இல்லாத பெருமையைச் சேர்ப்பது டி மத்தேயோவுக்கு இழைக்கும் அநீதி. இச்செய்தியைப் பகிர்ந்தவர்கள் அதே குழுக்களில் திருத்தத்தையும் பகிருமாறு கேட்டுக்கொள்கிறேன்.